நிழலுக்கு ஒரு சாட்சி

மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டியில் ஒரு காலைப் பொழுது நின்று பார்க்கிறவர்களுக்கு, விலை பேசுவதற்கு முன்னால் அங்கே நடைபெறும் ஒரு சிறு சடங்கு கண்ணில் படாமல் போகாது. மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து நாலைந்து பாக்குகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பாக்குவெட்டியில் கொடுத்துப் பிளந்து, வெட்டு முகத்திலே ஓடும் வெள்ளையும் சிவப்புமான ரேகைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே வியாபாரி வாயைத் திறக்கிறார். பிளந்த பாக்கு போனது போனதுதான்; ஆயினும் அந்த நாலைந்தின் நஷ்டத்தினால் மூட்டையில் மிச்சமிருக்கும் ஆயிரக்கணக்கான பாக்குகளின் அந்தரங்கம் அவருக்கு ஏறத்தாழ விளங்கிவிடுகிறது. நீலகிரியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்குக்கும் இதே நியாயந்தான்.

இந்த நியாயம் செல்லாத பொருள்களும் இருக்கின்றன. இங்கிருந்து தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் கோவை. பம்புகளாலும் மோட்டார்களாலும் பெயர் பெற்ற அந்த நகரத்தைச் சுற்றிலும் இரும்பையும் எஃகையும் உருக்கி மண் அச்சுகளில் ஊற்றுகிற பவுண்டரிகள் நிறைந்திருக்கின்றன. அங்கே வார்க்கப்படும் ஒரு வால்வின் உடல், பிற்காலத்தில் ஏதோ ஒரு மின்நிலையத்திலோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலோ, கொதிக்கும் நீராவியின் அழுத்தத்தைப் பல ஆண்டுக் காலம் தாங்கி நிற்க வேண்டிய பொருள். அதன் சுவருக்குள்ளே ஒரு பொந்து இருக்கிறதா என்று அறிவதற்காக அதைப் பிளந்துவிட்டால், பொந்து இல்லை என்ற சந்தோஷ சமாசாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்றைப் பிளந்து மற்றவற்றுக்கு ஜாமீன் சொல்வதற்கும் இடமில்லை. ஒரே அச்சில், ஒரே உலையின் எஃகைக் கொண்டு, அடுத்தடுத்து வார்த்த இரண்டு உடல்களில் ஒன்று முழுசாகவும் மற்றொன்று பொந்தாகவும் அமைவது அந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

பிளக்காமல் உள்ளே இருப்பதை அறியும் வித்தைகள் நம்மவர்களுக்குப் புதியவை அல்ல. சந்தையில் மண்பானை வாங்குகிற பெண்கள் அதை விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறார்கள். 1899-ஆம் ஆண்டு தொடங்கி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறிக்கொண்டிருக்கும் இந்த மலைப்பாதையைப் போன்ற பழைய பாதைகளில், சக்கரங்களையும் போல்ட்டுகளையும் சுத்தியலால் தட்டி, கணீரென்றால் முழுசு, பொத்தென்றால் விரிசல் என்று தீர்மானித்த காது தேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த வித்தையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓசையானது குறை உண்டு என்று மட்டும் சொல்லுமேயல்லாமல், அது எங்கே, எத்தனை பெரிது, எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று சொல்லாது. நாலு அங்குலக் கனமுள்ள எஃகுக்குள் ஒரு சோற்றுப் பருக்கையளவு பொந்து இருந்தால் சுத்தியலுக்கு அது தெரியவும் தெரியாது.

ஜெர்மனியில் வுர்ட்ஸ்பர்க் நகரத்திலே 1895 நவம்பர் 8-ஆம் தேதி ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-கிரணம் என்றவுடன், மோதிரம் அணிந்த அவருடைய மனைவியின் கையெலும்புகள்தாம் எல்லோருடைய ஞாபகத்துக்கும் வருகின்றன. அடுத்த ஆண்டிலேயே அவர் தம்முடைய வேட்டைத் துப்பாக்கியையும் அந்தக் கிரணத்தின் வழியில் வைத்துப் படம் எடுத்து, குழாய்க்குள் இருந்த தோட்டாக்களோடு உலோகத்திலிருந்த உள்குறையையும் கண்டார் என்ற செய்தி அத்தனை பிரசித்தி அடையவில்லை. வைத்தியர்கள் அந்தக் கிரணத்தை உடனே சுவீகரித்துக்கொண்டார்கள். தொழிற்சாலைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று, ஏனெனில் சதையை ஊடுருவும் கிரணம் எஃகை ஊடுருவுவதற்குப் போதாது. 1913-இல் கூலிட்ஜ் என்பவர் சூடேறிய டங்ஸ்டன் இழையைக் கொண்ட குழாயை அமைத்த பிறகுதான், வேண்டிய அளவு வலிமையுள்ள கிரணத்தை வேண்டியபோது உண்டாக்க முடிந்தது.

அதனால் விளைந்த மாறுதல்களில் பெரியது கொதிகலன்களைச் சேர்ந்தது. அந்தக் காலத்துக் கொதிகலன்கள் தகடுகளைத் துளையிட்டு ஆணி அறைந்து இணைக்கப்பட்டவை. பற்றவைத்து இணைப்பது சுலபமும் இலேசுமாயினும், பற்றவைப்பின் உள்ளே கசடு தங்கியிருக்கிறதா, உருகிய உலோகம் ஒட்டாமல் நின்றுவிட்டதா என்பதை வெளியிலிருந்து எவரும் சொல்ல முடியாது என்ற காரணத்தினால், அதைக் கொதிகலனில் பிரயோகிக்கச் சட்டம் எழுதுகிறவர்கள் அஞ்சினார்கள். பற்றவைப்பை எக்ஸ்-கிரணத்தால் படம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் மேல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன்னுடைய கொதிகலன் விதிகளில் அதற்கு இடம் கொடுத்தது 1931-இல். நம் நாட்டுக் கொதிகலன் விதிகள் 1950-இல் ஏற்பட்டபோது அவற்றிலும் இந்தப் பரிசோதனை சேர்ந்தது. திருச்சிராப்பள்ளியில் 1965 முதல் இராட்சசக் கொதிகலன்களைச் செய்துவரும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையைப் பார்த்தவர்களுக்கு, அங்கே பற்றவைக்கிறவர்களோடு படம் எடுக்கிறவர்களும் ஏன் இருக்கிறார்கள் என்பது இந்தச் சரித்திரத்தினால் விளங்கும்.

இனித் தத்துவத்துக்கு வருவோம். அது ஒரே வாக்கியத்தில் அடங்குவது. எந்தப் பொருளினூடே கிரணம் சென்றாலும், பொருளின் கனத்துக்கும் அடர்த்திக்கும் ஏற்ப அதில் ஒரு பகுதி வழியிலேயே மாண்டுபோகிறது. எஞ்சியது மறுபுறத்தில் வைத்திருக்கும் பிலிமைக் கறுக்கச் செய்கிறது. மாளுகிற விதத்தில்தான் ஒரு விசேஷம் இருக்கிறது. தொழிற்சாலைகளில் மிகுதியாகப் பழகும் இரிடியம்-192 என்ற பொருளின் காமா கிரணத்தை எடுத்துக்கொண்டால், சுமார் 13 மில்லிமீட்டர் எஃகு அதைப் பாதியாக்கும். இன்னொரு 13 மில்லிமீட்டர், எஞ்சிய பாதியில் பாதியைத்தான் தின்னும். இப்படியே 52 மில்லிமீட்டர் கடந்து வருகையில் பதினாறில் ஒரு பங்கு மீதியிருக்கும். எத்தனை தடித்த எஃகானாலும் முழுப் பூஜ்யம் என்பது கிடையாது. அந்த எஃகின் நடுவே ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள பொந்து ஒன்று இருக்குமானால், அந்த இடத்தில் கிரணம் கடக்க வேண்டிய எஃகு ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஆகவே அங்கே மாத்திரம் நூற்றுக்கு ஐந்து பங்கு அதிகமாக வெளியேறுகிறது. பிலிமில் அந்த இடம் அக்கம்பக்கத்தைவிடச் சற்றே கறுப்பாக விழுகிறது. அந்தச் ‘சற்றே’ என்ற சொல்லின் மேல்தான் இந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது.

எக்ஸ்-கிரணத்துக்கும் காமா கிரணத்துக்கும் பிறப்பிலே வேற்றுமையேயன்றி இயல்பிலே வேற்றுமை இல்லை. முன்னது மின்சாரத்தின் பிள்ளை. வோல்ட்டை ஏற்றினால் வலுக்கும், இறக்கினால் மென்மையாகும், ஸ்விட்சை அணைத்தால் இல்லாமலே போகும். மெல்லிய தகட்டுக்கும் நுட்பமான படத்துக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். என் கண்ணுக்கும் அந்தப் படங்களே அழகு. பின்னதோ அணுவின் கருவிலிருந்து தானே புறப்படுவது. அதற்கு அணைக்கும் ஸ்விட்ச் கிடையாது. ஆனால் மின்கம்பி எட்டாத மலைச்சரிவிலும் அது வேலை செய்யும். ஆரம்ப காலத்தில் விலைமதிப்பற்ற ரேடியத்தையே இதற்கு நம்ப வேண்டியிருந்தது. அணு உலைகள் ஏற்பட்ட பிறகு, இரிடியம் என்ற உலோகத்தை உலைக்குள் வைத்து எடுத்தாலே போதும் என்றாயிற்று. நம் நாட்டில் 1956-இல் அப்சரா என்ற முதல் அணு உலை இயங்கத் தொடங்கிய ட்ராம்பேயிலிருந்தே இப்பொழுதும் இந்த இரிடியம் வருகிறது. எஃகின் கனம் இன்னும் கூடினால் கோபால்ட்-60 வேண்டும். அதன் கிரணத்தைப் பாதியாக்க எஃகு 20 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படும்.

காமாவின் சௌகரியத்தை இந்த வட்டாரத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். நீலகிரி மலையின் நீர் கெத்தைக்கும் பரளிக்கும் பில்லூருக்கும் இறங்கி மின்சாரமாகிறது. வடபுறத்தே 1932-இல் தொடங்கிய பைக்காராவில் நீர் விழும் உயரம் ஏறத்தாழ மூவாயிரம் அடி. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ என்ற கணக்கில், மலையடிவாரத்தில் குழாயின் சுவர் தாங்க வேண்டிய அழுத்தத்தை வாசகர்களே கூட்டிக்கொள்ளலாம். இத்தகைய ஒரு குழாயின் வட்டப் பற்றவைப்பைப் படம் எடுக்க வேண்டுமானால், மையத்திலே இரிடியத்தை நிறுத்தி, வெளியே சுற்றிலும் பிலிமை ஒட்டியாணம்போல் கட்டிவிட்டால், முழு வட்டமும் ஒரே தடவையில் படமாகிவிடும். பெரிய எக்ஸ்-கிரண யந்திரத்தைக் குழாயைச் சுற்றிச் சுற்றி நகர்த்துகிற வேலை மிச்சம்.

சில காலத்துக்கு முன் கோவைக்குப் புறத்தே ஒரு பவுண்டரியில் இந்த வேலை நடப்பதை இருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. இரவு பத்து மணிக்கு மேல், உலைக்காரர்களும் மெருகு பிடிக்கிறவர்களும் வீடு திரும்பிய பின்னர்தான் ‘ஷூட்டிங்’ ஆரம்பம். அவர்கள் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டு ஆட்கள், வயதில் மூத்தவருக்கு ஐம்பது இருக்கும். கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டி, கதிரியக்கக் குறியிட்ட பலகைகளைத் தொங்கவிட்டு, சிவப்பு விளக்கை ஏற்றிய பிறகு, ‘கேமரா’ என்று அவர்கள் அழைக்கும் பெட்டியை இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர்தான் கேமரா, அதில் கண்ணாடியும் இல்லை, பிலிமும் இல்லை. ஈயத்தைக் காட்டிலும் கனமான யுரேனியக் கவசத்துக்குள்ளே, மிளகைவிடச் சிறிய இரிடியத் துணுக்கை எஃகு உறையில் அடைத்து வைத்திருக்கும் சிறைக்கூடம் அது.

தரையில் ஒரு வால்வு உடலைக் கிடத்தியிருந்தார்கள். சுவரின் கனம் 50 மில்லிமீட்டர். அதன் அடிப்புறத்தில், இரண்டு மெல்லிய ஈயத் தகடுகளின் நடுவே பிலிமை வைத்து மூடிய உறையைச் செருகினார்கள். முன்புறத்தில் வார்ப்பட எண்ணும் தேதியும் ஈய எழுத்துக்களாக ஒட்டப்பட்டன. அவற்றோடு, பிளாஸ்டிக் பட்டை ஒன்றில் பதித்த ஆறு எஃகுக் கம்பிகளையும் பெரியவர் ஒட்டினார்; மிக மெல்லியது கால் மில்லிமீட்டர், மிகத் தடித்தது முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்தக் கம்பிப் பட்டையைப் பற்றிப் பின்னால் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிலிம் உறையின் முதுகில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து ஒன்றையும் ஈயத்தில் ஒட்டினார். அது எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

பெட்டியிலிருந்து நீண்ட குழலின் நுனியை வால்வுக்கு மேலே 600 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்தினார்கள். இந்த உயரம் மனம்போன போக்கில் வைத்தது அன்று. சிம்னி விளக்குக்கு அருகே கையை நீட்டிச் சுவரில் நிழல் விழச் செய்து விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரியும், விளக்கு கிட்ட இருந்தால் நிழலின் விளிம்பு கலங்கும், எட்டப் போனால் தெளியும் என்பது. தோற்பாவைக் கூத்தாடுகிறவர் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடிப்பதும் இதே காரணத்தால்தான். துணுக்கு 3 மில்லிமீட்டர், எஃகு 50, தூரம் 600 என்றால், மேற்பரப்பில் உள்ள ஒரு பொருளின் நிழல் விளிம்பு கால் மில்லிமீட்டர் கலங்கும். இன்னும் தூரம் வைத்தால் இன்னும் தெளிவுதான். ஆனால் தூரம் இரட்டித்தால் கிரணம் நாலில் ஒன்றாகும், காத்திருக்கும் நேரம் நாலு மடங்காகும். தெளிவுக்கும் பொறுமைக்கும் நடுவே ஒரு பேரம் அது.

கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, நீண்ட கேபிளின் மறுமுனையிலிருந்த கைப்பிடியைப் பெரியவர் சுழற்றினார். இளையவர் கையிலிருந்த மானி கிர்ரென்று சீறி, பிறகு ஒரே சுருதியில் நின்றது. வேறு எதுவும் நிகழவில்லை. ஒளி இல்லை, ஓசை இல்லை, வாடை இல்லை. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. நாற்பது நிமிஷம் கழித்துக் கைப்பிடியை எதிர்ப்புறமாகச் சுழற்றித் துணுக்கைப் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டார்கள். பெரியவர் உடனே உள்ளே போய்விடவில்லை. மானியை முன்னால் நீட்டிப் பிடித்து, முள் இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, பெட்டி வரைக்கும் நடந்தார்.

அந்த நடையின் முக்கியத்துவத்தைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் யானாங்கோ என்ற இடத்தில், நீர்மின் நிலையத்துக் குழாய் வேலையிலே, 1999 பிப்ரவரியில் இதே போன்ற ஓர் இரிடியத் துணுக்கு கேபிளிலிருந்து கழன்று விழுந்து கிடந்தது. அது இன்னதென்று அறியாத ஒரு வெல்டர் அதை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு, சில மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கும் கொண்டுபோனார். முடிவில் ஒரு காலையே இழந்தார். நாற்பது கியூரி வலிமையுள்ள துணுக்குக்கு ஒரு மீட்டர் எதிரே, நடுவில் மறைப்பு எதுவும் இல்லாமல், ஆறு நிமிஷம் நின்றால் ஒரு தொழிலாளி ஓர் ஆண்டு முழுவதிலும் சராசரியாக ஏற்கலாம் என்று விதித்திருக்கும் 20 மில்லிசீவர்ட் அளவும் நிரம்பிவிடும். அதே துணுக்கு ஒரு சென்டிமீட்டர் அருகில் வந்தால் அந்த அளவு ஏறும் வேகம் பதினாயிரம் மடங்கு. நம் நாட்டில் 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பயிற்சிச் சான்று இல்லாதவர்களை இந்தப் பெட்டியைத் தொடவிடாததும், தொடுகிறவர்களின் மார்பில் கதிரளவைப் பதியும் சின்னத்தைக் குத்தியிருப்பதும் இதனால்தான். இதற்கு நேர்மாறான வீண் பயம் ஒன்றும் ஜனங்களிடையே உண்டு; கிரணம் பாய்ந்த இரும்பிலே விஷம் தங்கிவிடும் என்று. அப்படி எதுவும் தங்குவதில்லை. விளக்கு வெளிச்சம் பட்ட சுவர், விளக்கை அணைத்த பிறகு ஒளி வீசுகிறதா?

பிலிமை இருட்டறையில் கழுவி உலர்த்தி, பின்னால் கடுமையான விளக்கெரியும் பெட்டியின் முன் மாட்டினார்கள். சாதாரண ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அது வெறும் கறுப்புத் தாள். விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே அது அப்பால் விடும். கண் பழகச் சிறிது நேரம் ஆயிற்று. பழகிய பின்பு பார்த்தால், பௌர்ணமி இரவில் தெரியும் குளத்து நீரைப்போலச் சாம்பல் நிறமாக, வால்வின் சுவர் எந்தப் புள்ளியும் கோடும் இன்றி நிர்மலமாகக் கிடந்தது. “சுத்தமாக இருக்கிறதே!” என்று நான் மகிழ்ச்சியோடு சொன்னேன். பெரியவர் பதில் சொல்லாமல் மூலையிலிருந்த கம்பிப் பட்டையின் நிழலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கம்பி தெரியலீங்களே சாமி. கம்பியே தெரியாத பிலிமுல ஓட்டை இல்லீங்கன்னு நான் எப்படீங்க சொல்றது?”

பெனட்ராமீட்டர் என்று பொறியாளர்கள் பெயரிட்ட அந்தக் கம்பிப் பட்டையின் நியாயம் முழுவதையும், நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்தையும்விட, இந்த ஒரு பேச்சு எனக்கு நன்றாக விளக்கியது. படத்தில் ஒரு குறை தெரிந்தால் குறை உண்டு என்பதில் ஐயமில்லை. குறை தெரியாவிட்டாலோ, அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம்: இரும்பு முழுசாக இருக்கலாம், அல்லது படம் குருடாக இருக்கலாம். இவற்றுள் எது என்று அறிவதற்காக, இன்ன பருமன் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு சிறு பொருளை நாமே கொண்டுபோய் வைக்கிறோம். அதையும் பிலிமுக்கு அருகே அல்லாமல், நிழல் மிகவும் கலங்கக்கூடிய எதிர்ப்புறத்திலே, கிரணத்தைப் பார்த்த பக்கத்திலே, வேண்டுமென்றே வைக்கிறோம். இன்ன கனத்துக்கு இன்ன கம்பி தெரிய வேண்டும் என்று அட்டவணை உண்டு. கனத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது நெடுநாளைய வழக்கு. அந்தச் சாட்சி கண்ணுக்குத் தெரியாத படம் எத்தனை அழகாயிருந்தாலும் குப்பைக்கூடைக்குரியது.

கம்பி ஏன் தெரியவில்லை என்பதைப் பிலிமே சொல்லியது. சாம்பல் நிறத்தின் நடுவே, வெளுத்த ஆவிபோல, ‘பி’ என்ற எழுத்து தெரிந்தது. முதுகில் ஒட்டிய எழுத்து படத்தில் விழ வேண்டுமானால், கிரணம் முதுகுப்புறத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். எஃகைக் கடந்துபோன கிரணம் சிமெண்டுத் தரையில் பட்டுச் சிதறி, பின்புறமாகத் திரும்பி வந்து பிலிமைப் பொதுவாகக் கறுக்க வைத்துவிட்டது. நூற்றுக்கு ஐந்து என்று சொன்னேனே, அந்த மெல்லிய வேற்றுமை இந்தப் பொதுக் கறுப்பில் மூழ்கிப்போயிற்று. சந்தைக் கூச்சலில் ஒருவர் காதோடு பேசினால் கேட்காதது போன்ற நிலைமை.

கம்பி தெரிந்த படத்துக்கும் காணாத குறைகள் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜன்னல் கண்ணாடியை நேரே பார்த்தால் இருப்பதே தெரியாது. விளிம்பைப் பார்த்தால் பச்சைக் கோடாகத் தெரியும். விரிசலும் அப்படித்தான். கிரணத்தின் போக்கிலேயே ஆழமாக ஓடும் விரிசல் கறுத்த கோடாக விழும். கிரணத்துக்குக் குறுக்கே தாள்போலப் படுத்திருக்கும் விரிசலோ, எத்தனை அகலமாயிருந்தாலும், கனத்தைக் குறைப்பது மயிரிழையளவே ஆகையால் மறைந்துவிடும். அதைத் தேடுவதற்கு ஒலி அலைகளைச் செலுத்தும் வேறு கருவி இருக்கிறது.

மறுநாள் இரவும் நான் போயிருந்தேன். பிலிம் உறைக்கு அடியில் இம்முறை தடித்த ஈயத் தகடு ஒன்றைப் பரப்பினார்கள். இரிடியம் 74 நாளில் பாதியாகத் தேய்வது; ஒரே நாளில் நூற்றில் ஒரு பங்கு வலிமை போயிருக்கும் என்பதால் நாற்பது நிமிஷத்தோடு இருபத்து மூன்று வினாடி சேர்த்தார் பெரியவர். இத்தனை கணக்கா என்று நான் சிரித்ததற்கு, பழக்கமாகிவிட்டது என்றார்.

இரண்டாவது பிலிமில் ‘பி’ இல்லை. ஆறு கம்பிகளில் வேண்டிய கம்பி, நூல் பிடித்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு இரண்டு விரல்கடை தள்ளி, வால்வின் கழுத்தும் உடலும் சேருகிற தடித்த மூலையிலே, முந்திய இரவு நிர்மலம் என்று நான் மகிழ்ந்த அதே இடத்தில், நாற்றின் வேர்போல மெல்லக் கிளைத்த கறுப்பு நிழல் ஒன்று படர்ந்திருந்தது. மார்கழிக் குளிரில் புட்டித் தேங்காயெண்ணெய் உறையும்போது நடுவிலே குழி விழுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். உருகிய எஃகும் உறையும்போது நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சுருங்குவது, தடித்த மூலை கடைசியாக உறைவது, அந்தச் சமயத்தில் மேலேயிருந்து ஊட்ட உருகிய எஃகு வந்து சேராவிட்டால் உள்ளே இப்படி வேர் பிடிப்பது. பவுண்டரிக்காரர்கள் அதைச் ‘சிரிங்கேஜ்’ என்கிறார்கள். அளவுப் படங்களோடு ஒப்பிட்டு, சி வகை, மூன்றாவது படி என்று பெரியவர் தாளில் எழுதினார். பிறகு ஒரு மஞ்சள் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், வால்வின் மூலையில், தோண்டியெடுத்துப் பற்றவைக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.